தண்ணீரைப் போத்தலில் அடைக்க வேண்டாம்

வறண்ட தோலுக்கு வீட்டிலேயே பூச்சு செய்வது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி, குளிர் நாட்டுக்காரர் தங்கள் பனிக்காலத்துக்காக எழுதியவை. இலங்கையின் கிழக்கிலுள்ள எங்கள் ஏறாவூரின் வறட்சி வேறு வகை. இங்கே மாரியில் வாடைக்காற்று ஈரத்தோடு வருவதால் தோலுக்கு அப்போது பெரிய குறையில்லை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான்தான் தோலைப் பதம் பார்ப்பது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி, ஈரம் வற்றிய காற்றாக எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. கிழக்கே புன்னைக்குடாக் கடலும் மேற்கே வாவியும் இருந்தும் அந்த மாதங்களில் உதடு வெடிக்கும், முழங்கை சாம்பல் பூக்கும், குதிக்கால் பிளக்கும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கும், வாவியில் வலை இழுப்பவருக்கும், தறியில் நாள் முழுதும் நூலோடு விரல் உரசுபவருக்கும், சவர்க்காரத் தூளில் உடுப்புத் துவைப்பவருக்கும் இது இன்னும் கடுமை. இவர்களுக்கான பூச்சுகளைச் செய்வதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு முடிவில் மட்டும் தயக்கம் கிடையாது. வீட்டில் செய்யும் பூச்சில் தண்ணீர் ஒரு துளியும் இருக்கக்கூடாது. தண்ணீர் இருக்க வேண்டிய இடம், பூச்சைப் பூசப்போகும் தோல்.

முதலில், தோலை மெதுவாக்குவது எது என்ற கேள்வி. எண்ணெய் என்றே நம்மில் பலர் பதில் சொல்வோம். 1952இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் தோலின் மேற்படலத் துண்டுகளை, அதாவது காய்ப்புத் தோலை, எடுத்துப் பார்த்தார். உலர்ந்துபோன துண்டு எண்ணெயில் ஊறிக் கிடந்தாலும் ஒடியும் தன்மையிலேயே இருந்தது. தண்ணீர் பட்டதும் வளைந்து கொடுத்தது. தோலை மெதுவாக்குவது தண்ணீரே என்பது அன்றிலிருந்து இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். அப்படியானால் எண்ணெய்க்கு என்ன வேலை? தோலின் மேற்படலத்தைச் செங்கல் சுவராகப் பார்ப்பது தோல் மருத்துவர்களின் வழக்கம்: இறந்த கலங்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே செறமைட், கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் சேர்ந்த சாந்து. சவர்க்காரமும் கச்சானும் அரித்தெடுப்பது அந்தச் சாந்தைத்தான். சாந்து போனால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. எண்ணெயும் மெழுகும் அந்த இடைவெளிகளை மூடி, இருக்கும் நீரை இருக்க வைக்கின்றன. இல்லாத நீரைக் கொண்டுவர அவற்றால் முடியாது. காய்ந்த காலில் எண்ணெய் தேய்த்தவருக்குச் சற்று நேரம் பளபளப்பு தெரிந்து, மாலையில் மறுபடியும் வெள்ளைக் கோடு விழுவதற்குக் காரணம் இதுவே.

தண்ணீர்தான் மருந்து என்றால் அதைப் பூச்சிலேயே சேர்த்துவிடலாமே என்பது அடுத்து எழும் நியாயமான கேள்வி. கடையில் விற்கும் லோஷன்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. அவற்றில் பெரும்பங்கு தண்ணீர்தான். தொழிற்சாலை அதைச் செய்யலாம். நீரையும் எண்ணெயையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பால்மமாக்கி அவர்களிடம் இருக்கிறது. பக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் சேர்த்துத் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் இருக்கிறது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று கிருமியை இட்டுச் சோதிக்கும் ஆய்வுகூடம் இருக்கிறது. அடுப்படியில் இவை மூன்றும் இல்லை. எண்ணெயும் நீரும் எங்கள் வெப்பமும் சேர்ந்த கலவை கிருமிக்கு விருந்து. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமிகள் பெருகியிருக்கும், அதைப் பூசப்போவது வெடித்த தோலில். விற்றமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதும் என்பவர்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்: விற்றமின் ஈ எண்ணெய் காறாமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. தேன்மெழுகோடு வெங்காரம் சேர்த்துப் பால்மம் கட்டும் பழைய முறை ஒன்று உண்டு. இனப்பெருக்க நலத்துக்குக் கேடானது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திய பொருள் வெங்காரம். குழந்தைக்கும் வெடித்த தோலுக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்பதும் அரை உண்மைதான், குளிர் கிருமியின் வேகத்தைக் குறைக்குமே தவிர அதைக் கொல்லாது. 2022 மார்ச் கடைசியில் இந்நாட்டில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். குளிரை நம்பி ஒரு பூச்சைச் செய்து அயலவருக்குக் கொடுப்பது நமக்குப் பொருந்தாது. நீரே இல்லாத களிம்பில் கிருமி வளர வழியில்லை. வீட்டுத் தயாரிப்புக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

கற்றாழை, தயிர், தேங்காய்ப்பால், எலுமிச்சை பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கற்றாழைச் சோற்றில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு அன்றே தடவினால் நல்லது, போத்தலில் கலந்து வைத்தால் நஞ்சு. எருமைத் தயிர் தடவும் நம் வழக்கத்தை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. தயிரின் புளிப்புக்குக் காரணமான லக்ரிக் அமிலம் தோலின் இயற்கையான ஈரம்பிடிக்கும் பொருட்களில் ஒன்று, வறட்சிக்கான மருந்துக் களிம்புகளிலும் அது சேர்கிறது. தடவிக் கழுவலாம், சேமிக்கக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை மட்டும் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மை 4.5 முதல் 5.5 வரையிலான பிஎச் அளவு. எலுமிச்சை 2 அளவில் நிற்கும். வெடித்த தோலில் எரியும், வெயில் பட்டால் கறுத்த தழும்பும் விழலாம்.

எண்ணெய்களில் எது என்பதில் நம்பிக்கையைவிட ஆதாரம் பேச வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு நல்ல ஆதாரம் உண்டு. 2004இல் வெளியான ஆய்வில் பிலிப்பைன்ஸ் தோல் மருத்துவர்கள் தோல் வறட்சி உள்ள 34 பேருக்கு இரண்டு வாரம், யாருக்கு எது என்று தெரியாதபடி, சுத்தத் தேங்காயெண்ணெயும் கனிம எண்ணெயும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாகப் பயன் தந்தன. அதே நாட்டில் கரப்பான் வகைத் தோல் அழற்சி உள்ள 117 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயை முந்தியது. என்றாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. தோலின் சாந்துக்கு மிகவும் தேவையான லினோலெயிக் அமிலம் அதில் மிகச் சொற்பம். நல்லெண்ணெயில் அது நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் இருக்கிறது. இந்த அமிலத்தின் மதிப்பைக் காட்டிய ஆய்வு டாக்காவில் நடந்து 2005இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளுக்கு லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைத் தடவியபோது, தடவாத குழந்தைகளோடு ஒப்பிட மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய்கள் 41 சதவீதம் குறைந்தன. இதற்கு மறுபக்கம் ஒலிவ் எண்ணெய். மார்க்கச் சிறப்பாலும் விலையாலும் நம்மவரிடையே அதற்குத் தனி மரியாதை உண்டு. உண்பதற்கு அது மிக உயர்ந்தது. தோலில் பூசினால் கதை வேறு: 2013இல் இங்கிலாந்து ஷெஃபீல்டில் வெளியான ஆய்வு ஒலிவ் எண்ணெய் தோலின் தடுப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துவதாகவும் சூரியகாந்தி எண்ணெய் அதைக் காப்பதாகவும் காட்டியது. ஒலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலெயிக் அமிலம் சாந்தைக் கரைத்து ஊடுருவுகிறது. வறண்ட தோலுக்கு ஒலிவ் எண்ணெய் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல. புன்னை எண்ணெய் நம் கரையோரத்துச் சொத்து, ஆனாலும் வாடை கடுமை, சிலருக்கு ஒவ்வாமை தரும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் வேண்டாம். இலுப்பெண்ணெய் சற்றுத் தடிப்பானது, மெழுகின் தேவையைக் கொஞ்சம் குறைக்கும்.

எண்ணெய் வாங்குவதிலும் கவனம் வேண்டும். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்தது நாடு முழுதும் பேசப்பட்டது. கொப்பரா எங்கே காய்ந்தது, செக்கு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த இடத்தில் வாங்குவதே மேல். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுக்கும் உருக்கெண்ணெய் மணத்தால் ஒப்பற்றது, ஆயினும் கக்கனுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். சடசடப்பும் குமிழியும் முழுதாக அடங்கும்வரை காய்ச்சி, துணியில் வடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடிமண்டியை விட்டு மேலெண்ணெயை மட்டும் எடுக்க வேண்டும்.

இனி மெழுகின் அளவு. குளிர் நாட்டுக் குறிப்புகளை அப்படியே எடுத்தால் இங்கே பிழைக்கும். தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில் உருகிவிடும். ஏறாவூரில் அது அநேகமாக ஆண்டு முழுதும் திரவமே. எனவே களிம்புக்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு முழுதும் தேன்மெழுகின் தலையில் விழுகிறது. மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். நூறு கிராமுக்குத் தேங்காயெண்ணெய் 60, நல்லெண்ணெய் 30, மெழுகு 10 என்பது நான் கச்சான் காலத்துக்கு வைத்திருக்கும் அளவு. விரலில் எடுத்தால் நிற்கும், தோலில் வைத்தால் ஓடும். மாரியில் மெழுகை 8 ஆகக் குறைக்கலாம். குதிவெடிப்புக்கும் உதட்டுக்கும் 20 வரை ஏற்றலாம். தேனெடுப்பவரிடம் வாங்கும் மெழுகைக் கொதிநீரில் உருக்கி வடித்து ஆறவைத்தால் கட்டியின் அடியில் கசடும் ஈரமும் படிந்திருக்கும். அதைச் சுரண்டி எறிந்து, மெழுகைத் துருவி நன்றாகக் காயவிட வேண்டும். உருக்கும்போது நேர் நெருப்பு வேண்டாம். வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, மெழுகு கரைந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது நீராவியை. வெந்நீர்ச் சட்டியிலிருந்து எழும் ஆவி உள்பாத்திரத்தில் சொட்டினால் இத்தனை பாடும் வீண். ஊற்றிய சூட்டோடு மூடியைப் போட்டாலும் மூடிக்கு அடியில் ஈரம் கோத்துவிடும். முழுதாக ஆறும்வரை சுத்தமான துணி மூடினால் போதும். போத்தல்களை வெயிலில் காயவைத்து, 30 அல்லது 50 கிராம் கொள்ளும் சிறியவையாக எடுத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

நீரில்லாக் களிம்பை ஈரத்தோலில் பூசச் சொல்லும் இந்த வாதத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருக்கிறது. குளித்த ஈரக்கையைப் போத்தலுக்குள் விட்டால் நாம் விரட்டிய தண்ணீர் பின்வாசலால் நுழைந்துவிடும். அதனால் குளிக்கப் போகும் முன்பே, உலர்ந்த கரண்டியால் தேவையான அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு விரல்நுனி நீளம், அதாவது ஏறக்குறைய அரைக் கிராம், இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஈரத்தோலில் அது இன்னும் தூரம் பரவும். பிசுபிசுக்கிறது என்று முறையிடுகிறவர்களில் அநேகர் காய்ந்த தோலில், தேவைக்கு மேல் பூசுகிறவர்கள்.

எங்கள் ஊரில் இந்த முறைக்கு ஒரு தனி வசதி உண்டு. ஐந்து வேளைத் தொழுகைக்காகச் செய்யும் வுழூவில் முகமும் முழங்கைவரை கைகளும் கணுக்கால்வரை கால்களும் கழுவப்படுகின்றன. கழுவிய நீரைக் காற்று உலர்த்தும்படி விட்டால் ஒவ்வொரு வுழூவும் தோலை இன்னும் கொஞ்சம் வறட்டும். அதே நீரைத் துணியால் மெல்ல ஒற்றிவிட்டு, மிச்ச ஈரத்தின் மேல் ஒரு பூச்சு கொடுத்தால் நாளில் ஐந்து முறை தோலுக்கு நீர் ஊட்டிய கணக்கு. அப்படிப் பூசினால் அடுத்த வுழூ நிறைவேறுமா என்ற கேள்வி இங்கே கட்டாயம் எழும், எழவும் வேண்டும். தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும் கெட்டிப் படலம் இருக்கக்கூடாது; வெறும் எண்ணெய்ப் பசை தடையாகாது. இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இதுவே. மேலும் ஐயம் உள்ளவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். இந்த நிபந்தனை களிம்பின் அளவையே தீர்மானிக்கிறது. பகலில் முகம், கை, காலுக்குக் கச்சானிலும் 8 பங்கு மெழுகுக்கு மேல் போகாத மெல்லிய களிம்பு. மெழுகு மிகுந்த குதிக்கால் களிம்பு இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு மட்டும், அதிகாலைத் தொழுகையான சுபஹுக்கு முன் கடலை மாவால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். கம்பளிக் கொழுப்பு, மூலம் தெரியாத ஸ்டியரிக் அமிலம் போன்றவை பற்றி ஹலால் விசாரணை செய்யும் தேவையும் இந்தக் களிம்பில் இல்லை.

என் முறைக்கு எதிரான வலுவான ஆதாரம் 2009இல் அமெரிக்காவில் வந்தது. பத்துப் பேரை வைத்துத் தோலின் ஈரத்தை அளந்த அந்த ஆய்வில், குளித்ததும் பூச்சு பூசியதைவிட, குளிக்காமல் பூச்சு மட்டும் பூசியபோது ஈரம் அதிகமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனாலும் கடைக் கிறீமும் நீரில்லாக் களிம்பும் ஒன்றல்ல. கிறீம் தன் நீரையும், அந்த நீரைப் பிடித்துவைக்கும் கிளிசரின் போன்றவற்றையும் தன்னோடு கொண்டுவருகிறது. காய்ந்த தோலிலும் அதற்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது. களிம்புக்கு அந்த வசதி இல்லை என்பதுதான் பிளாங்க் காட்டியது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வும் இருக்கிறது. கடும் தோல் அழற்சி உள்ள 28 பேரை இரவில் வெறும் நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துடைக்காமலேயே மருந்துக் களிம்பைப் பூசச் சொன்னார்கள். பெரும்பாலானோருக்குக் குணம் தெரிந்தது. 2009 ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது, களிம்பில் கிளிசரின் இல்லாதது ஒரு குறைதான் என்பதை. கிளிசரின் எண்ணெயில் கரையாது; அதைக் களிம்பில் கலக்க முயல வேண்டாம். மிக வறண்ட தோலுக்கு உள்ளங்கையில் இரண்டு மூன்று துளி கிளிசரினை ஊற்றி, அதைப்போல் பல மடங்கு தண்ணீரோ பன்னீரோ அப்போதே சேர்த்துத் தடவி, அதன் மேல் களிம்பைப் பூசலாம். கிளிசரினைத் தனியாகப் பூசுவது தவறு. வறண்ட காற்றில் அது தோலின் உள்ளீரத்தையே உறிஞ்சும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். அந்தக் குளியலின் நன்மைகள் வேறு. எண்ணெயை முதலில் தேய்த்து, பிறகு சீயாக்காயோ சவர்க்காரமோ போட்டு உரித்தெடுத்தால் வறட்சிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வரிசையைத் திருப்பினால் அதே எண்ணெய் பல மடங்கு வேலை செய்யும். வாவியோரத்துக் கிணறுகளில் உவர் ஏறிய இடங்களில் சவர்க்காரம் நுரைக்காமல் தோலில் திரையாகப் படிகிறது, அங்கே சவர்க்காரத்தைக் கமக்கட்டு, கவடு, பாதங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பெற்றோலியம் ஜெலி இருக்க இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பார்கள். 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் அது, நீர் ஆவியாவதைத் தடுப்பதில் எந்த எண்ணெயும் அதற்கு ஈடாகாது. வீட்டில் இருந்தால் தாராளமாக ஈரத்தோலில் பூசுங்கள். அதிலும் தண்ணீர் கிடையாது என்பதைக் கவனித்தால் என் வாதத்துக்கு அது துணை நிற்பது தெரியும். எங்கள் வெக்கையில் அதைப் பகல் முழுதும் தாங்க முடியாதவர்களுக்கும், சாந்துக்குத் தேவையான கொழுப்பமிலம் வேண்டியவர்களுக்கும் இந்தக் களிம்பு. 2022 ஓகஸ்டில் வாசனைத் திரவியம், ஷாம்பு உட்பட நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியபோது, தேங்காயும் எள்ளும் மெழுகும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. நான் உறுதியாக எதிர்ப்பது முகம் வெளுக்கும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத கிறீம்களை. இந்நாட்டுச் சந்தையில் அவ்வகைக் கிறீம்களில் பாதரசம் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாசனை சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். தோல் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களில் வாசனைப் பொருள் ஒன்று. அத்தரை உடுப்பில் பூசுங்கள், வெடித்த தோலில் வேண்டாம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தடவும் பழக்கம் இன்னும் மறையவில்லை. கற்பூரம் தோலாலும் வாயாலும் உள்ளே போய்க் குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும் பொருள். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் நல்லெண்ணெயைத் தவிர்த்துச் சூரியகாந்தி எண்ணெய் எடுக்கலாம். யாராக இருந்தாலும் முன்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்த பிறகே உடம்பில் பூச வேண்டும். நீரிழிவு உள்ளவர் தினமும் பாதத்தைப் பார்த்துப் பூசட்டும், புண்ணாகப் பிளந்திருந்தால் களிம்பால் மூடாமல் கிளினிக்குக்குப் போகட்டும். வட்டமாகப் பரவி ஓரம் சிவந்து அரிக்கும் படர்தாமரைக்கு எண்ணெய் எதற்கும் உதவாது.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் ஒரு காலத்தில் தொழுநோயாளரைப் பிரித்து வைத்திருந்தார்கள். சல்ஃபோன் மருந்துகள் 1940களில் வரும்வரை உலகெங்கும் அந்நோய்க்குத் தோலிலும் ஊசியிலும் கொடுக்கப்பட்டது நீரடிமுத்து எண்ணெய்தான், அதன் பலன் மிகச் சொற்பம். நோய் இன்னும் போகவில்லை. இலங்கையில் புதிய தொழுநோயாளர் கூடுதலாகக் கண்டறியப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் வெளிறிய, வியர்க்காத, வறண்ட ஒரு தேமல். களிம்பு கேட்டு வருகிறவர் காட்டும் வறட்சி அப்படி ஒரே இடத்தில் இருந்தால், பஞ்சால் வருடிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் எந்தப் பூச்சையும் கொடுக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். 6 முதல் 12 மாதம் மருந்து எடுத்தால் அது முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம்.